வராதீர்கள் என்று சொன்ன கிறிஸ்துமஸ்

எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். கிள்ளானில், பந்திங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. எல்லாம் மாடி இல்லாத தரைவீடுகள். நானும் என் மனைவியும் இருபத்தேழு வருஷமாக அங்கே இருக்கிறோம்.

இந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. பெருநாள் யாருடையதோ அவர் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் சாப்பிட வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு மூலைவீட்டு மலாய்க் குடும்பம். சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு அங்கிள். தீபாவளிக்கு ஏழெட்டு வீடு இருப்பதால் அன்றைக்கு வயிறுதான் தாங்காது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள். வரிசையில் கிறிஸ்தவர் எங்கள் ஒரு வீடுதான். டிசம்பர் இருபத்தைந்து மத்தியானம் எங்கள் வரிசையில் வேறு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். பதினோரு மணிக்கு நாங்கள் பூசை முடிந்து வருவோம். அவர்களும் வந்துவிடுவார்கள். கையில் ஒன்றும் கொண்டுவரக் கூடாது. ஒரு தடவை புதிதாகக் குடிவந்தவர் தெரியாமல் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். என் மனைவி அதை அப்படியே அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். “எங்க வீட்ல கேக் இல்லைன்னு நெனச்சீங்களா?” என்றாள். அதன் பிறகு அவரும் கையை வீசிக்கொண்டுதான் வருகிறார்.

எல்லாத் தட்டிலும் முதல் கரண்டி அவள் போட வேண்டும். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அது அவள் வைத்த சட்டம். நெய்ச்சோறு, மட்டன் பிரட்டல், கோழி வறுவல், பச்சடி. மலாய்க் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்று இறைச்சியெல்லாம் முஸ்லிம் கடையில்தான் வாங்குவாள். அதற்கென்று தனிச் சட்டிகள் உண்டு. மற்ற நாளில் அவற்றை யாரும் தொடக் கூடாது, நான்கூட.

அவளுக்குச் சர்க்கரை. அதில் கிட்னி இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ் தொடங்கி இது மூன்றாவது வருஷம். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரைக்குப் போனால் பதினொன்றுக்கு முடியும். கையில் இரண்டு பெரிய ஊசி குத்துவார்கள். அதனால் அவள் அதை ஊசி நாள் என்பாள். நான் முன்பு லோரி ஓட்டினேன், துறைமுகத்தில். இப்போது அவளை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை.

முதல் இரண்டு வருஷம் கிறிஸ்துமஸ் ஊசி நாளில் விழவில்லை. முன்பு போல முடியவில்லை என்றாலும் சமாளித்தாள். இந்தத் தடவை வியாழக்கிழமை விழுந்தது.

ஊசி நாளில் அவள் வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்க மாட்டாள். சோறு வேண்டாம் என்பாள். சாயங்காலம் வரைக்கும் தூங்குவாள். அக்டோபரில் ஒரு நாள் குளியலறையில் விழுந்தாள். நெற்றியில் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் யோசித்தேன். முடியுமா என்று அவளைக் கேட்டால் முடியும் என்பாள். அதனால் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் பதிமூன்று வீட்டுக்கும் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். “இந்த வருஷம் சாப்பாடு இல்லை. அவளுக்கு முடியல,” என்றேன். எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னேன். யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வரிசையில் வராதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்ன முதல் ஆள் நான்தான். எல்லாரும் சரி என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கேட்டார்.

“அவ சொல்லச் சொன்னாளா, தம்பி?”

“ம்,” என்றேன்.

அது பொய்.

அதற்குப் பிறகு அவள் பலகாரம் சுடத் தொடங்கினாள். ஒரு நாள் கொஞ்சம், மறுநாள் படுக்கை, பிறகு கொஞ்சம். எங்களுக்கும் மகளுக்கும்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மகள் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். லீவுக்கு வரும்போது தின்னட்டும் என்று இருந்தேன். முஸ்லிம் கடைக்குப் போன் போட்டு எட்டுக் கிலோ ஆட்டிறைச்சிக்கு அவள் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் வாரத்துத் திங்கட்கிழமை. காருக்குக் காற்றடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. மாவு பாதி மீதி. அச்சுமுறுக்குக் கம்பி மாவுக்குள்ளேயே கிடந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“எதிர்வீட்டு அங்கிள் வந்தாரு. பூனையப் பாத்துக்கச் சொன்னாரு.”

“ம்.”

“வியாழக்கிழமை மகன் வீட்டுக்குப் போறாராம். ஸ்ரீ கெம்பாங்கானுக்கு.”

நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

“நம்ம வீட்ல சாப்பாடு இல்லையாம். உன் புருஷன்தான் வந்து சொன்னான்னாரு.”

நான் கார் சாவியை ஆணியில் மாட்டினேன்.

“எத்தனை வீட்ல சொன்னீங்க?”

“பதிமூணு.”

“ஒண்ணு விடாம?”

“ம்.”

“என்கிட்ட மட்டும் சொல்லல.”

அவள் அழுகிறவள் இல்லை. அப்போதும் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் இருக்கேனா, போயிட்டேனா?”

நீ விழுந்துவிடுவாய் என்று பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். மாவுக்குள் கிடந்த கம்பியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

“வாரத்துல மூணு நாளு அந்த மெஷின் சொல்றபடி படுக்குறேன். தண்ணி அளந்து குடிக்குறேன். வாழைப்பழம் தின்னக் கூடாது, தேங்காப்பால் கூடாதுங்குறாங்க, சரிங்குறேன். வருஷத்துல ஒரு நாளு நாலு பேருக்குச் சோறு போடுறேன். அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது சில தடவைதான்.

“இப்ப என்ன செய்யணும்?” என்றேன்.

“போய்ச் சொன்னீங்கல்ல? நீங்களே போய் வரச் சொல்லுங்க.”

“எத்தனை மணிக்கு?”

விரல் விட்டு எண்ணினாள். “நாலு மணிக்கு. அதுக்குள்ள எந்திரிச்சிருவேன்.”

அன்று சாயங்காலமே போனேன். முதலில் பக்கத்து வீடு. அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது வயது இருக்கும். வரிசையில் யாரையும் கேலி பண்ணாமல் விட்டுவைக்க மாட்டார்.

“வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க, அக்கா.”

“இரு இரு. வாங்கங்கிறியா, வராதீங்கங்கிறியா? ஒரு கட்சியில நில்லு, தம்பி.”

“வாங்க.”

“மறுபடி மாற மாட்டியே? மாறுறதுன்னா இப்பவே சொல்லிடு. நடந்து நடந்து உன் சிலிப்பர்தான் தேயும்.”

“மாற மாட்டேன்.”

அக்கா துணியைக் கீழே வைத்தார். “அவளுக்குத் தெரியாமத்தானே அன்னிக்கு வந்து சொன்னே?”

“ஆமா.”

“என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னே.”

“ஆமா.”

“நீ லோரி ஓட்டத்தான் லாயக்கு,” என்றார். பிறகு குரல் மாறியது. “நான் அன்னிக்கு ஆக்கி அனுப்பலாம்னு பெரிய சட்டியெல்லாம் எடுத்துக் கழுவி வெச்சிட்டேன்.”

“வேண்டாம், அக்கா.”

“தெரியும்லா. அனுப்பினா சட்டியோட திருப்பி அனுப்புவா.”

எதிர்வீட்டு அங்கிள் சீனர். அவர் அப்பா பந்திங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் வந்து போகும் கடை. அங்கே கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. எல்லாரையும் நீ என்பார். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

“சாப்பாடு இருக்கா இப்ப?”

“இருக்கு. நாலு மணிக்கு.”

“அப்ப நான் போகல லா. மகனை இங்க வரச் சொல்றேன். அவன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளை. உன் சட்டி பெருசா?”

“பெருசு.”

“பூனைக்கு நீ சோறு போட வேணாம்.”

மூலைவீட்டில் வியாழக்கிழமை கம்பத்துக்கு, சொந்தக் கிராமத்துக்கு, போவதாக இருந்தார்களாம், மாமியாரைப் பார்க்க. வீட்டுக்காரர் உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்தார். விடியக் காலையில் போய்விட்டு நாலு மணிக்குள் திரும்பிவிடுகிறோம் என்று மலாயில் சொன்னார். வேண்டாம், சிரமம் என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

பதிமூன்று வீட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனது. வராதீர்கள் என்று சொல்ல அரை மணிதான் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஊசி. அன்று ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை காலை மகள் ரயிலில் வந்து இறங்கினாள். மகளும் நானும் வீட்டுக்குப் பின்னால் தரையில் காஸ் அடுப்பை வைத்தோம். என் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இடது கையில் ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. வலது கையால் மட்டும் மசாலாவை எடுத்து எடுத்துப் போட்டாள். கிண்டியது நான்.

“அடிப்பக்கம் பிடிக்குது. சுரண்டிக் கிண்டுங்க.”

சுரண்டினேன்.

“கியர் போடுற மாதிரி ஆட்டாதீங்க. ஒரே பக்கமா.”

மகள் சிரித்தாள். உப்பு பார்த்தது மகள். என் மனைவிக்கு உப்பு ஆகாது. இருந்தாலும் அவளும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள், துப்பினாள். “இன்னும் அரைக் கரண்டி,” என்றாள். மகள் சரியாக இருக்கிறது என்றாள். “உனக்குச் சரியா இருந்தா போதுமா? எட்டுக் கிலோ இறைச்சிக்குச் சரியா இருக்கணும்,” என்றாள். அரைக் கரண்டி போட்டோம்.

அக்கா வேலி மேலாக எட்டிப் பார்த்தார். “வெங்காயம் உரிச்சுத் தரட்டுமா?”

“நீங்க நாளைக்கு விருந்தாளி. உள்ள போங்க,” என்றாள் என் மனைவி.

அக்கா உள்ளே போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார். கையில் வேலை இல்லாமல் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலப் பூசைக்குப் போனோம். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டு நன்மை அப்பம் வாங்கியதும் வந்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலை டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ் பிள்ளை சிவப்புத் தொப்பி போட்டிருந்தது. எல்லாருக்கும் ஹேப்பி கிறிஸ்துமஸ் சொன்னது. படுத்திருந்தவர்களில் என் மனைவி ஒருத்திதான் கிறிஸ்தவள். எல்லாரும் பதில் சொன்னார்கள். அவள் ஒரு டப்பா நெய் உருண்டை கொண்டு போயிருந்தாள், நர்ஸ்களுக்கு.

பத்து மணிக்கு அவளுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. காலில் தசை இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தி, காலைத் தேய்த்து, மறுபடி போட்டார்கள். எல்லாம் முடியப் பன்னிரண்டரை ஆனது. காரில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்.

“மூணு மணிக்கு எழுப்புங்க. எழுப்பாம விட்டீங்கன்னா...”

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு எழுப்பினேன். எழுப்ப வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனாலும் எழுப்பினேன். மகள் சேலை கட்டிவிட்டாள். பச்சைச் சேலை. ஹாலில், வாசலைப் பார்த்தாற்போல் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். சோறு, கறி எல்லாம் மேசையில் மூடி வைத்திருந்தது. கிறிஸ்துமஸ் குடிலில் விளக்குப் போடச் சொன்னாள். போட்டேன். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். வாசலில் நின்று பார்த்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். செருப்பைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர் எல்லாரையும் அக்கா விரலைக் காட்டி உட்கார வைத்தார். எதிர்வீட்டு அங்கிள், அவர் மகன், மருமகள். மூலைவீட்டுக் குடும்பம், முகமெல்லாம் பயணக் களைப்பு. கேக் பெட்டிக்காரர். பிள்ளைகளைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அனுப்பினார்கள். நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

நான் அக்காவிடம் குனிந்து, “எல்லாரும் சாப்பிடுங்க,” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். “அவ போடாம எப்படி?”

“நான் போடுறேன்.”

“நீ ஏற்கனவே செஞ்சது போதும்.”

மகள் எழுப்பவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் அக்கா. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுப்பினால் பாவம். எழுப்பாமல் இவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டால் அவள் கண் விழித்து எச்சில் தட்டைத்தான் பார்ப்பாள். பிறகு என்னிடம் பேச மாட்டாள். அதைவிட, கேட்டதையே மறுபடி கேட்பாள். இருக்கேனா, போயிட்டேனா. நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றேன்.

யாரும் போகவில்லை. நாலரை ஆனது. அங்கிள் முழங்காலில் கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வயிறு ஒரு தடவை சத்தம் போட்டது. அவருடைய மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார்கள், சத்தமில்லாமல். மூலைவீட்டுக் குழந்தை சிணுங்கியது. அதன் அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மழை பிடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வாசலில் அவர்களையும் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்களும் சும்மா இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கண்ணைத் திறந்தாள். முதலில் அக்காவைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

“என்ன எல்லாரும் சாவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள்.

வீடே சிரித்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. குழந்தை பயந்து அழுதது.

“யாரும் சாப்பிடலையா?”

“நீ போட்டாத்தானே?” என்றார் அக்கா.

“சோறு ஆறியிருக்குமே.”

“ஆறினா என்ன? பசியே சூடாத்தான் இருக்கு.”

“நீ நல்லாத் தூங்கினே,” என்றார் அங்கிள். “என் வயிறு தூங்கல லா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏன் எழுப்பல?”

“எழுப்ப விடல,” என்றேன்.

எழுந்தாள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்குப் பக்கத்தில் நின்று கரண்டியை எடுத்தாள். வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி பிரட்டல். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு கை நடுங்கியது. அடுத்து வந்தவர்கள் தட்டைச் சட்டிக்கு மேலேயே பிடித்தார்கள், அவள் தூக்க வேண்டாம் என்று. அங்கிளின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அவள் கைதான் போட்டது. பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவளுக்குச் சோறு இரண்டு கரண்டி, கோழி ஒரு துண்டு. அதற்கு மேல் கூடாது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள் என் மனைவி.

“இருக்கு. இன்னும் ஒரு அரைக் கரண்டி போட்டிருந்தா கெட்டிருக்கும்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

ஏழு மணிக்கு எல்லாரும் போனார்கள். பலகாரப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம். தட்டுகளை நானும் மகளும் கழுவினோம். அவள் ஹாலிலேயே படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். தூங்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை வருது. நான் எண்ணிப் பாத்துட்டேன். ஊசி இல்ல.”

“ம்.”

“பதினோரு மணிக்கே வெச்சுக்கலாம்.”

“சரி.”

“யார் வீட்டுக்கும் போய் ஒண்ணும் சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்,” என்றேன். விளக்கை அணைத்தேன்.